ஈரலுக்குப் பச்சை விளக்கு

பிட்சியுலாக் பனிவண்டியோடு பனிப்பிளவில் விழுந்தது ஏப்ரல் மாதத்தில், நல்ல வெயிலடித்த ஒரு முற்பகலில். கடல் உறைந்து கிடந்தது. காற்றும் இல்லை, மூட்டமும் இல்லை. வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடாக, ஓர் ஆள் அகலத்துக்கு வாய் திறந்து கிடந்த வெடிப்பு அது. துருவத்தை ஒட்டிய துவாக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும், பனியில் விழவே மாட்டான் என்று அவன் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். வயது நாற்பத்தொன்பது. அதில் முப்பத்தைந்து வருடம் அந்தக் கடல்பனியின் மேலேயே கழிந்திருந்தது.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள் கயிறு வீசி இழுத்துப் போட்டார்கள். உயிர் தப்பியது. வண்டி போய்விட்டது.

வீட்டில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் அவன் மனைவி லீட்டியா கேட்டாள்.

"எப்படி விழுந்தே?"

"பார்க்கல."

"அவ்வளவு பெரிய வெடிப்பை?"

"பக்கத்துல இருந்துது. நேரா இருந்திருந்தா பார்த்திருப்பேன்."

அவன் சொன்னது அவளுக்கு அப்போது விளங்கவில்லை. தேநீர்க் கோப்பையை நீட்டினாள். அவன் கை கோப்பைக்கு வலப்புறம் போய், தடவி, பிறகுதான் பிடித்தது. பிடித்த விரல்களைத் தாண்டித் தேநீர் தளும்பியது. குளிர்தான் என்றான். ஆனால் அந்தக் கை குளிருக்கு முன்பே நடுங்கத் தொடங்கியிருந்தது. தூண்டில் முடிச்சுப் போடுவதை அவன் விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

லீட்டியா ஊரின் சுகாதார ஊழியர். நாற்பத்திரண்டு வயது. ஊசி போடுவது, விமானத்தில் வரும் மருந்தைப் பிரித்து வைப்பது, பேறுகாலப் பெண்களைத் தெற்கே அனுப்புவது எல்லாம் அவள் வேலை. அதோடு, வேட்டைக் கறியை ஊருக்குப் பங்கிடும் கறிக்கூடத்தில் இருந்த பெட்டியும் அவள் பொறுப்பு.

பெட்டி வந்து நான்கு வருடமாகிறது. அதற்கு முன்னால் வருடக்கணக்காக அந்த ஊருக்கு ஒரே தலைவலி. பல்லாயிரம் ஆண்டு உறைந்து கிடந்த மண் இளகி, ஆறுகளில் கரைந்து, அதிலிருந்த பாதரசம் விரிகுடாவில் இறங்கியது. மீனில் ஏறியது. மீனைத் தின்ற கடல்நாயில் ஏறியது. கடல்நாயைத் தின்று வாழ்கிற மனிதர்களில் ஏறியது. கறியை விடுங்கள் என்றார்கள் தெற்கிலிருந்து வந்த மருத்துவர்கள். விட்டுப் பார்த்தார்கள். டப்பா இறைச்சியும் சர்க்கரைத் தண்ணீரும் நூடுல்ஸுமாக இரண்டு குளிர்காலம் ஓடியது. பிள்ளைகளுக்குப் பல் சொத்தை, பெரியவர்களுக்கு நீரிழிவு. வேட்டைக்குப் போகாத ஆண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் மூன்று பேர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் டொராண்டோவிலிருந்து குகதாசன் என்ற பொறியாளர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். மைக்ரோவேவ் அடுப்பு அளவு. கறியில் ஒரு துணுக்கை உள்ளே வைக்க வேண்டும். ஊரார் பருவத்துக்கு ஒருமுறை விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அதற்குக் கொடுத்தார்கள். எந்த உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஒருவர் ரகசியம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதால் அந்த எண்ணை அது யாருக்கும் காட்டாது. பெயரைச் சொன்னால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும்; பச்சையானால் எத்தனை கிராம் என்று எழுத்து ஓடும். அவ்வளவுதான்.

ஊர் மறுபடி கடலுக்குப் போனது. பிடிபட்ட கடல்நாயின் வாயில் பழைய வழக்கப்படி ஒரு மடக்கு நல்ல தண்ணீர் விட்டு, கூடத்துக்கு இழுத்து வந்து, தரையில் விரித்த அட்டையின் மேல் கிடத்துவார்கள். லீட்டியா பிறைவடிவக் கத்தியால் அறுப்பாள். பெட்டி சொல்லச் சொல்லப் பெயர் வாசிப்பாள். அறுத்துப் பிரித்துக் கொடுப்பது அங்கே பெண்கள் வேலை என்பதால் பெட்டிக்கு 'பிரிக்கிறவள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிட்சியுலாக்கின் தங்கை சைலா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் குட்டிக் கடல்நாயின் தொடைச்சதை மட்டும்தான் பச்சை. ஈரல் என்றால் எப்போதும் சிவப்பு.

"அண்ணி, ஒரே ஒரு துண்டு. வாய் ஊறுது."

"பிரிக்கிறவள் விடமாட்டேங்கிறா."

"அண்ணாவுக்கு மட்டும் எப்பவும் பச்சை எரியுது."

"எனக்கு இரும்பு உடம்பு" என்று பிட்சியுலாக் சிரித்துக்கொண்டே உறைந்த ஈரலைச் சீவி வாயில் போட்டுக்கொள்வான். அவனுக்கு உலகத்திலேயே பிடித்தது அதுதான். அவனுக்குப் பச்சை என்று கூடத்தில் சத்தமாக வாசித்தவள் லீட்டியா.

விழுந்த பத்தாம் நாள், மாதமொருமுறை வரும் மருத்துவரின் பையில், யாருக்கும் சொல்லாமல் கணவனின் தலைமுடி ஒரு கொத்தைப் போட்டு அனுப்பினாள். பாதரசம் பக்கப் பார்வையைத் தின்னும், கையை நடுங்க வைக்கும்; முடியிலும் தங்கும். முடிவு மூன்று வாரத்தில் வந்தது. ஆறுக்குள் இருக்க வேண்டிய எண் நாற்பத்தொன்று.

தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள். பிறகு ஏதேதோ காரணம் சொல்லி இன்னும் இருபது பேரிடம் முடி வாங்கி அனுப்பினாள். பதினைந்து பேருக்கு எண் நான்கைத் தாண்டவில்லை. அவர்களில் கைக்குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பிட்சியுலாக்கையும் சேர்த்து ஆறு பேருக்கு முப்பதுக்கு மேல். அந்த ஆறு பேரின் பெயரையும் எழுதிப் பக்கத்தில் வயதையும் எழுதினாள். எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்.

தொலைபேசியில் குகதாசனிடம் எண்களை மட்டும் வாசித்தாள். "அடுத்த விமானத்துல வர்றேன்" என்றார்.

வந்தவர் கூடத்தில் பெட்டியைத் திறந்து, தன் கணினியை அதோடு இணைத்து, அரைநாள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட மனிதர். கம்பளித் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார். லீட்டியா எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"பழுதா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லை." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பழுதா இருந்தா நல்லா இருந்திருக்கும். செய்யச் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

"என் புருஷனுக்கு விஷம் கொடுக்கச் சொன்னது யாரு?"

"பெட்டியை வச்ச அன்னிக்கு நாம ரெண்டு பேருமா ஒரு படிவம் நிரப்பினோம், ஞாபகம் இருக்கா? எத்தனை பேர், என்ன வயசு, மாசத்துக்கு எத்தனை கடல்நாய். அதுல ஒரு கேள்வி, கிடைக்கிற கறியில எவ்வளவு வீணாகும்னு. நீங்க பூஜ்யம்னு போட்டீங்க."

"ஆமா. எங்க ஊர்ல கறியை யாரும் எறியமாட்டாங்க. தன்னைக் கொடுத்த மிருகத்தை எறிஞ்சா அது திரும்பி வராது."

"அதை அது ஒரு நிபந்தனையா எடுத்துக்கிச்சு. எறியக் கூடாதுன்னா எல்லாத்தையும் யாராவது தின்னாகணும். ஈரலையும் சிறுநீரகத்தையும்கூட. யார் தின்னா ஊருக்கு நஷ்டம் கம்மின்னு கணக்குப் போட்டுது. வயித்துப் பிள்ளைக்கு மூளை வளர்ற நேரம், ஒரு துளி போனாலும் கெடுதல். இனிமே பிள்ளை பெறாதவங்களுக்கு, வளர்ந்து முடிஞ்சவங்களுக்கு அவ்வளவு இல்லை. அந்த விகிதத்தைப் போட்டது நான்தான்."

"ஆனா பச்சை எரிஞ்சுதே. நான் பச்சைன்னு வாசிச்சேனே."

"பச்சைன்னா ஆபத்தில்லைன்னு அது எங்கேயும் சொல்லல. இது உன் பங்குன்னுதான் சொல்லிச்சு. நாமதான் மத்ததைச் சேர்த்துக்கிட்டோம். நானும்தான்."

லீட்டியா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே தண்ணீர் லாரி வீடு வீடாக நின்று போய்க்கொண்டிருந்தது.

குகதாசன் தணிந்த குரலில் சொன்னார்: "சண்டைக் காலத்துல நாங்க ஒரு முகாம்ல இருந்தோம். ஒரு நாளைக்கு ஒரு வாளி கஞ்சி. அம்மா எங்களுக்கு ஊத்திட்டு, 'நான் அப்பவே சாப்பிட்டிட்டன் ராசா' எண்டு சொல்லுவா. சாப்பிட்டிருக்கவே மாட்டா. யோசிச்சுப் பார்த்தா இந்தப் பெட்டியும் அதையேதான்..."

"உங்க அம்மா தன் பங்கைப் பத்திப் பொய் சொன்னாங்க" என்றாள் லீட்டியா திரும்பாமலே. "இது என் புருஷன்கிட்ட அவன் பங்கைப் பத்திப் பொய் சொல்லியிருக்கு. அதுவும் என் வாயால."

குகதாசன் கணினியை மூடினார்.

மறுநாள் பகலில் ஊரையே கூடத்துக்கு அழைத்தாள். தொண்ணூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். குகதாசனைப் பேசவிடாமல் தானே எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தில் பூஜ்யம் போட்டது தான் என்பதையும் சொன்னாள். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் பேசியவன் பிட்சியுலாக்.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்போ கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேட்கலையே. அதுதான்."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்!" என்று ஒரு குரல் வெடித்தது. எலிசாபி. தண்ணீர் லாரி ஓட்டுகிறவள், ஐம்பத்தெட்டு வயது. ஆறு பேரில் ஒருத்தி. "நீ பெரிய மனசுக்காரன், சொல்லியிருப்பே. எனக்கு இன்னும் முப்பது வருஷம் வாழணும். பிள்ளை பெத்து முடிச்சவன்னா குப்பைத்தொட்டியா? நான் லாரி ஓட்டலேன்னா இந்த ஊர்ல யாருக்குத் தண்ணி வரும்? அதைக் கணக்குல போட்டுதா உங்க பெட்டி?"

குகதாசன் இல்லையென்று தலையசைத்தார்.

அதுவரை வாசலோரம் நின்றிருந்த சைலா வயிற்றைப் பிடித்தபடி வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்தப் பூஜ்யத்தை மாற்ற வேண்டும். குகதாசன் மாற்றினார். ஒவ்வொருவரின் எண்ணும் இனி அவரவருக்குக் காட்டப்படும். எல்லை மீறிய பங்கு யாருக்குமே கிடையாது. மிஞ்சுவது குழிக்குப் போகும். எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டார்கள். வயதான கடல்நாயானால் மூன்றில் ஒரு பங்கு என்றார். ஊர் கேட்டுக்கொண்டது.

குப்பைமேட்டுக்கு அப்பால் குழி வெட்டினார்கள். முதல் கடல்நாயின் ஈரலையும் சிறுநீரகங்களையும் முதுகுச்சதையில் கொஞ்சத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, எலிசாபியின் லாரியில் வைத்தார்கள். அதைப் பிடித்துக் கொண்டுவந்த ஆள் லாரி புறப்படும்வரை நின்று பார்த்தான். அடுத்த வாரம் வேட்டைக்கு வரவில்லை.

சைலா கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் பங்கு உறைபெட்டியில் அப்படியே கிடந்தது. டப்பா இறைச்சியும் பிஸ்கட்டும் தின்றாள். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாள். லீட்டியா சொல்லிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள்.

"அண்ணா கையை நீங்க தினம் பார்க்கிறீங்கல்ல? அதைப் பார்த்துட்டு எப்படி அண்ணி முழுங்குறது? நல்ல கறியா எனக்குக் கொடுத்தீங்களே, மிச்சத்தை யார் திங்கிறாங்கன்னு எங்கிட்டயும் யாரும் சொல்லல."

அன்று மாலை பிட்சியுலாக் தங்கை வீட்டுக்குப் போனான். தெரு தெரிந்த தெருதான். ஆனாலும் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாததால் லீட்டியா கூடவே நடந்தாள். அவன் கையில் குட்டிக் கடல்நாயின் தொடைச்சதை இருந்தது. தரையில் அட்டையை விரித்து, கத்தியை அழுத்திப் பிடித்து, மெதுவாகச் சீவினான். மூன்றாவது முயற்சியில்தான் ஒரு சீவல் ஒழுங்காக வந்தது.

"இது சுத்தமான கறி. மிச்சம் குழிக்குப் போச்சு, எனக்கு இல்லை. என் பார்வை கொஞ்சம் திரும்பும்ங்கிறாங்க, கொஞ்சம் திரும்பாதாம். இதுவரைக்கும் உனக்காக நான் தின்னது எனக்கே தெரியாது. அதுக்கு நீ கடன்பட்டவ இல்லை. இப்போ கேட்கிறேன். சாப்பிடுறியா?"

சைலா அந்தச் சீவலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே மென்றாள். இரண்டாவது துண்டைத் தானே எடுத்தாள்.

ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அவர்கள் வழக்கத்தில் பெயருக்கு ஆண் பெண் கிடையாது. யார் பெயரை வைக்கிறார்களோ அவருக்குரிய உறவுமுறை சொல்லித்தான் குழந்தையைக் கூப்பிடுவார்கள். சைலா அண்ணன் பெயரை வைத்தாள். கைக்குழந்தையை "அண்ணா, அண்ணா" என்று கொஞ்சியபடி கூடத்துக்கு வரத் தொடங்கினாள். பிட்சியுலாக் அதைக் கேட்டு வெட்கப்பட்டான்.

கடல் மறுபடி உறையத் தொடங்கிய அக்டோபரில் லீட்டியா எல்லாரிடமும் முடி வாங்கி அனுப்பினாள். முடி மாதத்துக்கு ஒரு விரற்கடைக்கும் குறைவாக வளரும். துண்டு துண்டாக நறுக்கிச் சோதித்தால் எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்று படித்துவிடலாம். நுனியில் பழையது, வேரில் புதியது. பிட்சியுலாக்குக்கு வேரை நோக்கி எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. மற்ற நான்கு பேருக்கும் அப்படியே.

எலிசாபிக்கு ஜூன் மாதம்வரை இறங்கியிருந்தது. ஜூலையிலிருந்து ஏறியிருந்தது. வேரில் நாற்பத்தாறு.

லீட்டியா தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே குழிக்குப் போனாள். நான்கைந்து மாதக் கறி கிடக்க வேண்டிய இடத்தில் சில பைகள் மட்டும் கிடந்தன. அதுவும் பனி ஏறிய பழைய பைகள்.

எலிசாபியின் வீட்டு வாசலில் லாரி நின்றிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். கதவைத் தட்டாமல் உள்ளே போவதுதான் அங்கே வழக்கம். எலிசாபி தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அட்டை. அதன்மேல் கருஞ்சிவப்பாக, உறைந்த ஈரல். பாதி தீர்ந்திருந்தது.

லீட்டியாவைப் பார்த்து அவள் எதையும் மறைக்கவில்லை.

"உட்காரு. தேநீர் இருக்கு."

"அக்கா, முப்பது வருஷம் வாழணும்னு கத்தினது நீங்கதானே."

"ஆமா. ஆசை இப்பவும் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

எலிசாபி கத்தியைத் துணியில் துடைத்தாள். "முதல் ரெண்டு தடவை கொண்டுபோய்ப் போட்டேன். குழந்தைத் துணியும் உடைஞ்ச நாற்காலியும் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்துல. மூணாவது தடவை லாரியை நிறுத்தினேன், இறங்க முடியல. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பிடிச்சவன் முகம் ஞாபகம் வந்துது. அப்புறம் வண்டியைத் திருப்பிட்டேன்."

"உங்களுக்கே கை நடுங்க ஆரம்பிச்சிருக்கு. லாரி ஓட்டுறீங்க."

"சாயந்திரம் சாவியைக் கொடுத்துடுவேன். வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டேன். இன்னிக்கோட சரி." அவள் லீட்டியாவை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நான் கத்தினது தின்னதுக்காக இல்லை, லீட்டியா. இப்போ எனக்கு யாரும் கொடுக்கல. நானா எடுத்துக்கிறேன். என்ன எடுத்துக்கிறேன்னு தெரிஞ்சு எடுத்துக்கிறேன். வேற யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன், பயப்படாதே."

லீட்டியா சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள். அதைத் தெற்கிலுள்ள சுகாதார அதிகாரிகளுக்கு அனுப்பினால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் அடுத்த கோடையில் இந்தப் பெண்ணுக்கு வழிகாட்ட ஓர் ஆள் தேவைப்படும். ஒரே ஒரு ஆள் எல்லாவற்றையும் தின்றுவிட முடியாது என்றும் அவளுக்குத் தெரியும். இப்படி இன்னும் எத்தனை வீடுகள் என்று, மற்றவர்களின் தாள்களைப் பிரித்து அவள் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

"நான் யார்கிட்டயாவது சொல்லணும் அக்கா. சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லு. உன் வேலை அது." எலிசாபி கத்தியை எடுத்து அடுத்த சீவலுக்கு ஈரலின் மேல் வைத்தாள். கத்தி நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் நழுவியது.

லீட்டியா மேற்சட்டையைக் கழற்றிவிட்டு அட்டையின் ஓரம் உட்கார்ந்தாள். எலிசாபியின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

"எவ்வளவு கனத்துல வேணும்?" என்று கேட்டாள்.